குறுக்கே போன இரண்டு தந்திகள்

"மைக் எங்கடா?"

அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு மேடை. அதில் மூடி திறந்துவைத்த ஒரு ஹார்ப்சிகார்ட், இரண்டு நாற்காலிகள், இசைத்தாள் வைக்கும் தாங்கிகள். ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

"மைக் கிடையாதும்மா. அப்படியேதான் வாசிப்பாங்க."

"அப்ப எனக்கு ஒண்ணும் கேக்காது" என்றார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். 'எப்போது வீட்டுக்குப் போவோம்' என்பதற்கு அம்மாவின் சைகை அது.

அன்று அம்மா வருவதாகவே இல்லை. செல்லோ வாசிக்கும் என் அலுவலக நண்பர் ஒருவர், திடீரென்று வெளியூர் போக வேண்டியிருந்ததால், தன்னிடம் இருந்த இரண்டு நுழைவுச்சீட்டுகளை என்னிடம் தந்தார். பரோக் காலத்து அறை இசை. வாசிப்பதும் அந்தக் காலத்து வடிவில் செய்த கருவிகளில். "பிடிக்காவிட்டால் இடைவேளையில் கிளம்பிவிடு" என்றும் சொல்லிவைத்தார். நானும் மனைவியும் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் பார்த்து மகனுக்குக் காய்ச்சல். "நீங்க அத்தையக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க வெளியே போயே மாசக்கணக்காச்சு" என்றார் மனைவி. ஒரு சீட்டு வீணாகப் போகிறதே என்ற கவலையில்தான் அம்மா புடவை மாற்றினார்.

அம்மா ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். பத்து வயதில் வயலினைக் கையில் எடுத்தவர். திருமணமாகி சிங்கப்பூர் வந்த பிறகு, ஈசூனில் எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாலை ஐந்து மணி ஆனால் வீடெங்கும் சரளி வரிசைதான். சொந்தப் பிள்ளை நான் மட்டும் துணைப்பாடம், காற்பந்து என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இப்போது அம்மாவுக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு காதுகளுக்கும் கருவி பொருத்தினோம். பேச்சு நன்றாகக் கேட்கிறது. பேரன் மழலையில் பேசுவதுகூடப் புரிகிறது. ஆனால் இசை போய்விட்டது. "தகர டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்குடா" என்பார். கடைசியாக நாங்கள் போன கச்சேரியில் ஒலிபெருக்கியின் சத்தம் தாங்காமல் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு வயலின் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அம்மா பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

குறை கருவியில் இல்லை. காதுக் கருவிகள் முதன்மையாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, பேச்சு புரியும்படி கொடுப்பதுதான் அவற்றின் வேலை. நீண்டு நிற்கும் ஒரு சுரத்தைக் கேட்டால் சில நேரம் அது தன்னுடைய 'விசில்' சத்தம் என்று நினைத்து அதை வெட்டிவிடவும் பார்க்கும். கார்வை கொடுத்து வாசிக்கும் இசையில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டுக் குடலும் பறவை இறகும்

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் வந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தார். நம் ஊர் ஈரப்பதத்தில் இந்தக் கருவியின் மரப்பலகை உப்பும், சுருங்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு, இடைவேளையில், சில சமயம் இரண்டு உருப்படிகளுக்கு நடுவில்கூட, சுருதி சேர்த்தாக வேண்டும்.

பார்வைக்குப் பியானோ போல இருந்தாலும் இது வேறு சாதி. பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. இதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு சிறு மரக்கட்டை மேலே எழும்பி, அதில் செருகியிருக்கும் பறவை இறகின் தண்டு தந்தியை மீட்டுகிறது. வீணையை நகத்தால் மீட்டுவது போலத்தான். ஆகவே விசையை அழுத்தித் தட்டினாலும் மெல்லத் தட்டினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே.

அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டிய கழுத்துடன் தியோர்போ என்ற தந்திக் கருவி. நாற்காலியில் சாய்த்துவைத்திருந்த இன்னொன்று வியோலா ட காம்பா. 'கால் வியோலா' என்று பொருள். செல்லோ போலக் கால்களுக்கு நடுவே பிடித்து வாசிப்பது. ஆனால் ஏழு தந்திகள், கழுத்தைச் சுற்றி நரம்பால் கட்டிய மெட்டுகள், உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடிக்கும் வில். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலின் வாசிப்பவர் இளம்பெண். அவர் இரண்டு வயலின்களுடன் வந்து ஒன்றை ஹார்ப்சிகார்டின் பக்கத்தில் வைத்தார். கையில் இருந்ததில் தாடையை வைக்கும் கட்டை இல்லை. அது 1820 வாக்கில் ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர் கொண்டுவந்தது. பரோக் காலத்தில் கிடையாது. வில்லும் வேறு. இன்றைய வில் உள்பக்கமாக வளைந்திருக்கும். இது லேசாக வெளிப்பக்கம் வளைந்து, அம்பு எய்யும் வில்லைப் போலவே இருந்தது. தந்திகள் எஃகு அல்ல, ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பு.

"நரம்புத் தந்தி" என்றார் அம்மா, நான் கையேட்டைப் பார்த்துச் சொல்வதற்குள். "எங்க வாத்தியார் வயலின்ல இதான் இருந்துச்சு. மழை நாளுன்னா சுருதி நிக்கவே நிக்காது. திட்டிக்கிட்டே முறுக்குவாரு."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 'அந்தக் காலத்து அசல் ஒலி' என்று இந்த நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்துவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஹார்ப்சிகார்டின் இறகுக்குப் பதில் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். அரங்கத்தில் ஏர்கான். 1700-ல் ஒருவர் எப்படி வாசித்தார் என்பதற்கு ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. பழைய ஏடுகள், பயிற்சி நூல்கள், படங்கள், எஞ்சியிருக்கும் கருவிகள் இவற்றை வைத்து ஊகிப்பதுதான். ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பழைய கருவிகளைச் செய்யத் தொடங்கினார். 1953-ல் வியன்னாவில் நிக்கோலவுஸ் ஹார்னன்கோர்ட் தொடங்கிய குழு அதைப் பெரிய இயக்கமாக்கியது. சிங்கப்பூருக்கு அது வந்துசேர நாளாயிற்று. ரெட் டாட் பரோக் என்ற குழு 2018-ல்தான் இங்கே உருவானது. எல்லாரும் செய்வது ஒன்றுதான்: இந்த வில்லையும் இந்த நரம்பையும் கையில் எடுத்தால் அந்தத் தாளில் உள்ள சுரம் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்பது. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. 'அசல்' என்ற சொல்தான் பிடிக்கவில்லை.

ஒரு விசில் சத்தம்

அரங்கம் குளிராக இருந்தது. அம்மா சால்வையை எடுத்துத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். கலைஞர்கள் தலை வணங்கி, கைதட்டல் ஓய்ந்து, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

அப்போதுதான் அந்தச் சத்தம். கீ... என்று மெல்லிய, விடாத விசில்.

சால்வை காதை மூடியதால் அம்மாவின் கருவி கத்தியது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வயலின் கலைஞர் வில்லைத் தந்திக்கு மேலே நிறுத்திக் காத்திருந்தார். அம்மாவுக்கு அந்த விசில் கேட்கவில்லை. எல்லாரும் எதற்குத் திரும்புகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்த்தார். நான் காதைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கருவிகளையும் கழற்றி, சிறு டப்பாவில் போட்டு, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு மேடையைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். 'ஆரம்பியுங்கள்' என்று மாணவிக்குச் சொல்வது போல.

முதல் உருப்படி வெனிஸ் நகரத்து டாரியோ காஸ்தெல்லோ 1629-ல் வெளியிட்ட ஒரு சொனாட்டா. வயலின் திடீரென்று பாய்கிறது, நிற்கிறது, புலம்புகிறது, மறுபடி ஓடுகிறது. நான் அதை ஒழுங்காகக் கேட்கவில்லை. இந்த அமைதியில் அம்மா ஒன்றரை மணி நேரம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கப் போகிறாரே என்ற நினைப்பிலேயே இருந்தேன். இடைவேளையில் கிளம்பிவிட வேண்டியதுதான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

இரண்டாவதாக வியோலா ட காம்பா. மரேன் மரே என்பவர் எழுதியது. பாரிசில் செருப்புத் தைப்பவரின் மகனாக 1656-ல் பிறந்து, பதினான்காம் லூயி மன்னரின் அரசவையில் வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தவர். 1701-ல் வெளிவந்த அவருடைய இரண்டாம் தொகுப்பில் உள்ள 'மனிதக் குரல்கள்' என்ற உருப்படி அது. வேகம் கிடையாது, வித்தை கிடையாது. அடித்தந்தியில் ஒரு கார்வை. அதன் மேல் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தாழ்ந்த குரலில், தனக்குத் தானே பேசிக்கொள்வது போல ஓர் இழைப்பு. தியோர்போ கூடவே மெல்ல நடந்து வந்தது.

பாதியில் அம்மாவின் விரல் என் முழங்கையைத் தட்டியது.

"இது கேக்குதுடா."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். கருவி இல்லாததால் தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. யாரும் திரும்பவில்லை.

வயதாவதால் வரும் கேட்புக் குறைவு பெரும்பாலும் மேல் ஒலிகளில்தான் தொடங்குகிறது. குருவிச் சத்தம், 'ச', 'ஃப்' போன்ற ஒலிகள் முதலில் போகும். கீழ்க்குரல் ஒலிகள் பலருக்கு நெடுநாள் நிற்கும். நாங்கள் இருந்தது இரண்டாவது வரிசை, மேடையிலிருந்து நான்கு எட்டு தூரம். மாளிகையின் ஓர் அறைக்குள், இருபது முப்பது பேருக்கு வாசிக்கச் செய்த கருவி அது. அந்தத் தூரத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் அதன் ஒலி அம்மாவிடம் வந்துசேர்ந்தது. ஹார்ப்சிகார்டின் மேல் சுரங்கள் அம்மாவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. வயலினின் மேல் தந்தியும் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் கேட்டது தகர டப்பா அல்ல.

பிபரின் முடிச்சு

அடுத்த உருப்படிக்கு வயலின் கலைஞர் முதல் வயலினைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். எடுத்ததும் அதை அவையினரைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். பாலத்துக்குக் கீழே, நடுவில் உள்ள இரண்டு தந்திகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே போயிருந்தன. சுருளுக்குப் பக்கத்திலும் அப்படியே. இரண்டாவது தந்தி மூன்றாவதன் இடத்தில், மூன்றாவது இரண்டாவதன் இடத்தில்.

எழுதியவர் ஹைன்ரிக் பிபர். 1644-ல் பொஹீமியாவில் பிறந்து, சால்ஸ்பர்க் பேராயரின் அவையில் பணியாற்றி, 1704-ல் மறைந்தவர். தம் காலத்தின் மிகச் சிறந்த வயலின் கலைஞர்களில் ஒருவர். கத்தோலிக்கர்களின் ஜெபமாலையில் தியானிக்கும் பதினைந்து மறைநிகழ்வுகளுக்கு ஆளுக்கொன்றாகப் பதினைந்து சொனாட்டாக்கள், கடைசியில் தனி வயலினுக்கு ஒரு பாசகாலியா. 1670-களில் எழுதியிருப்பார் என்று கருதுகிறார்கள். கையெழுத்துப் பிரதி மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. முதல் பக்கம் இல்லாததால் அவர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அச்சில் வந்தது 1905-ல்தான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்திருக்கிறது.

இதில் உள்ள விந்தை, முதல் சொனாட்டாவையும் கடைசி பாசகாலியாவையும் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் வயலினின் நான்கு தந்திகளை வேறு வேறு சுருதியில் வைக்கச் சொல்லியிருப்பது. தாளில் எழுதியிருக்கும் சுரம் வேறு, காதில் விழும் சுரம் வேறு. விரலை எங்கே வைப்பது என்பதைத்தான் தாள் சொல்லும். அன்று வாசித்தது பதினோராவது, இயேசு உயிர்த்தெழுந்ததைப் பற்றியது. தந்திகள் குறுக்கே போவது இதில் மட்டும்தான். சிலுவையின் உரு அது என்று சொல்வார்கள்.

வாசிப்பதற்கு முன் அவர் நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாக விரலால் மீட்டினார். அம்மா முன்னால் சாய்ந்தார். உதடுகள் அசைந்தன. ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். விரல்களை மடக்கி எண்ணினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உருப்படியின் நடுவில் பழைய ஈஸ்டர் பாடல் ஒன்று வருகிறது. வயலின் அதை ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளில், கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் வாசிக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் ஸ்தாயி இடைவெளியில் இருப்பதால் ஒரே விரல் இரண்டையும் அழுத்தும். தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுவது போல இருந்தது. காம்பாவும் தியோர்போவும் சேர்ந்துகொண்டன. ஐந்து நிமிடத்துக்கு முன்பு ஒற்றை வயலினாக இருந்தது, ஒரு கூட்டமே எழுந்து நின்று பாடுவதாக மாறியது. மைக் இல்லாமல் எவ்வளவு பெரிதாக ஒலிக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. பெரிது என்றால் சத்தம் அல்ல. மரம் முழுவதும் சேர்ந்து அதிர்வது.

இடைவேளை வந்தது. நான் கிளம்பும் பேச்சை எடுக்கவே இல்லை. அம்மா அதற்குள் எழுந்து மேடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு

கருவிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அருகில் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் ஹார்ப்சிகார்டைச் சுற்றி நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள். அம்மா நேராக வயலின் கலைஞரிடம் போனார். வழியில் ஒரு காதுக் கருவியை மட்டும் மாட்டிக்கொண்டார், அவர் பேசுவது கேட்க வேண்டுமே.

"நானும் வயலின் டீச்சர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். 'இருந்தேன்' என்று சொல்லாததை நான் கவனித்தேன்.

அந்தப் பெண் மலர்ந்துவிட்டார். இந்தப் பாணியைப் படிக்கவே நெதர்லாந்து போய்த் திரும்பியவராம். வயலினை அம்மாவின் கண்ணருகே கொண்டுவந்து காட்டினார். அம்மா தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நாலு தந்தியையும் மீட்டுங்க. ஆனா வரிசையா வேணாம். ஒண்ணு, மூணு, ரெண்டு, நாலு."

அந்தப் பெண் புரியாமல் பார்த்துவிட்டு, கனமான தந்தியிலிருந்து எண்ணி, சொன்னபடி மீட்டினார்.

அம்மா பாடினார். "ச... ப... ச... ப..."

சரியாகச் சேர்ந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மேற்கத்திய வயலினில் நான்கு தந்திகளும் ச-ப இடைவெளியிலேயே ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போகும். நம் கர்நாடக வயலினில் அப்படி இல்லை. ஒரு ச, ஒரு ப, மேலே மறுபடி ச, ப. தனித்தும் வாசிக்கலாம், பாடகரின் சுருதிக்கும் நிற்கலாம். பிபர் இந்த ஒரு சொனாட்டாவுக்காக இரண்டு தந்திகளை ஒரு சுரம் இறக்கி, நடுவில் உள்ளவற்றை இடம் மாற்றியிருக்கிறார். இட மாற்றத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கீழிருந்து மேலாக அடுக்கினால் வருவது அப்படியே நம் ச-ப-ச-ப. கையேட்டை எழுதியவர் சிலுவையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். இது அவர் கண்ணில் பட நியாயமில்லை. அம்மாவின் காதில் பட்டது.

பிபருக்கு நம் இசையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. நம்மவர்கள் பிபரைப் பார்த்து எடுத்துக்கொண்டதும் அல்ல. வயலின் நம்மிடம் வந்ததே அவர் மறைந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு, நம் இசைக்கு அதைப் பழக்கினார் என்பது வரலாறு. அவர் கையில் வந்த வயலினில் எஃகுத் தந்தி இருந்திருக்க முடியாது, நரம்புதான். தாடைக் கட்டையும் அப்போது கிடையாது. நாம் அதைத் தரையில் உட்கார்ந்து, சுருளைக் காலில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினோம். ஐரோப்பாவில் பெரிய அரங்கங்களுக்கு ஏற்றபடி கழுத்தைச் சாய்த்து, தந்தியை இறுக்கி, ஒலியைக் கூட்டிக்கொண்டார்கள். பழைய ஸ்ட்ராடிவேரி வயலின்கள்கூட அநேகமாக எல்லாமே இப்படிக் கழுத்து மாற்றப்பட்டவை. அன்று மேடையில் இருந்தது அந்த மாற்றத்துக்கு முந்தைய வயலின். நாம் முதலில் வாங்கிக்கொண்டது இதற்கு நெருக்கமான உறவு.

"எத்தனை கட்டை வச்சிருக்கீங்க?" என்பதை அம்மா எப்படியோ ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். இன்று உலகம் முழுவதும் 'ஏ' என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ். அது 1939-ல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு. பரோக் காலத்தில் ஊருக்கு ஒரு சுருதி இருந்தது. இன்றைய பரோக் குழுக்கள் வசதிக்காக 415 என்று வைத்துக்கொள்கின்றன, சரியாக அரைக்கட்டை குறைவு.

அம்மா என்னிடம் திரும்பினார். "ஆறு கட்டைன்னு சொல்லிட்டு அஞ்சரையில வாசிக்கிறாங்கடா." பரீட்சையில் மாணவியின் தவற்றைப் பிடித்துவிட்ட குரல் அது.

இரண்டாவது பாதியில் முதலில் பாக் எழுதிய ஒரு காம்பா சொனாட்டா. எல்லாரும் கொண்டாடும் பாக்கைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாது. எனக்கு அதில் கவனம் நிற்கவில்லை. காம்பாவும் ஹார்ப்சிகார்டும் மாறிமாறி ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன. வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் காய்ச்சல் குறைந்ததா என்று கேட்கலாமா என்று கை பரபரத்தது. அம்மா கண்ணை மூடி, தொடையில் ஒரு விரலால் அடித்தந்தியின் நடையை எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கோரெல்லியின் 'ஃபோலியா'. 1700ஆம் ஆண்டின் முதல் நாள் தேதியிட்டு ரோமில் வெளிவந்த தொகுப்பின் பன்னிரண்டாவது உருப்படி. ஒரு சிறு மெட்டு, அதை வைத்துக்கொண்டு மேலும் மேலும் விரிக்கிறார். இதைக் கேட்க நமக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் புதிதாகப் பாடுவது நமக்குப் பழகியதுதானே. பக்கவாத்தியம் வாசிப்பவர்களுக்குத் தாளில் கிடைப்பது அடிச்சுரமும் அதன் கீழே சில எண்களும் மட்டும். மேலே என்ன வாசிப்பது என்பது அந்த நேரத்து யோசனை. வயலினுக்கும் அப்படித்தான். கோரெல்லியின் மெதுவான பகுதிகளை அச்சில் பார்த்தால் வெறும் எலும்பு. அவர் எப்படி அலங்கரித்து வாசித்தார் என்று சொல்லி 1710-ல் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் ஒருவர் தனிப் பதிப்பே போட்டார் என்றால், வாங்கியவர்களுக்கு எவ்வளவு ஆர்வம் இருந்திருக்க வேண்டும்!

கடைசிச் சுற்றில் வேகம் கூடியபோது ஒரு நரம்பு சுருதி இறங்கியது. எனக்கே தெரிந்தது. அந்தப் பெண் முகம் மாறாமல் விரலைத் தள்ளிவைத்துச் சமாளித்துக்கொண்டு முடித்தார். அம்மாதான் முதலில் எழுந்து நின்று கைதட்டினார். அந்தச் சமாளிப்புக்குத்தான் என்று பிறகு சொன்னார்.

நகர மண்டப நிலையத்திலிருந்து ஈசூன் வரை ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். அம்மா பேசிக்கொண்டே வந்தார். ஈப்போவில் வாத்தியார் வீட்டுத் திண்ணை, மழைக்காலத்தில் அறுந்த நரம்புகள், அறுந்ததை முடிச்சுப் போட்டு மறுபடி மாட்டியது. எனக்குத் தெரியாத கதைகள் பாதி. பிஷான் தாண்டியதும் திடீரென்று அமைதியானார்.

"வயலின் கேக்கலடா முழுசா" என்றார். "மேல்ஸ்தாயி போனப்ப கையைப் பாத்துத்தான் என்ன வாசிக்கிறான்னு புரிஞ்சிக்கிட்டேன். அத நீ யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்றேன். இப்போது எழுதுவது அவருடைய அனுமதியோடுதான்.

வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. பேரனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். பாலம் விழுந்து கிடந்தது. ஒரு தந்தி துருவேறி அறுந்திருந்தது. வில்லின் குதிரைவால் முடி பாதி உதிர்ந்திருந்தது. அம்மா எதையும் சரி செய்யவில்லை. அறுந்த தந்தியை மட்டும் கழற்றித் தாளில் சுற்றி வைத்தார்.

மறுநாள் நான் இணையத்தில் தேடினேன். பேச்சுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று எனக் காதுக் கருவியில் தனித்தனி அமைப்புகள் வைக்க முடியும், கேட்டால்தான் செய்து தருவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று ஆண்டுகளாக நாங்கள் கேட்கவே இல்லை. தொலைபேசியில் அழைத்து நேரம் குறித்தேன். அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை 10.20.

"அங்க என்ன வாசிச்சுக் காட்டுவாங்க? 'பீப் பீப்'னு அந்தச் சத்தந்தானே?" என்றார் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"மறுபடி போன் பண்ணிக் கேளு. வயலினக் கொண்டாரலாமான்னு."

கேட்டேன். கொண்டுவரச் சொன்னார்கள். பாலம் பொருத்தவும் தந்தி மாற்றவும் இந்த வாரம் கடைக்குப் போகிறோம். எஃகுத் தந்தியே போதும், நரம்பெல்லாம் இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் சரிவராது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.